மகனூர்

2025 ஆவணி மாதம், ஒரு மாலை, என் தம்பியின் பேரன் ஒற்றைத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். மேலே அவன் பெயர். அதன்கீழ் படிப்பு, மதிப்பெண், தெரிந்த மென்பொருள்கள். கடைசியில் தகப்பனார் பெயர், மொழிகள், பொழுதுபோக்கு. நடுவில் ஓர் இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தான். 2022 மே மாதம் பி.இ. மெக்கானிக்கல் முடித்ததாக ஒரு வரி இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"இந்த கேப்புக்கு ஒரு வரி வேணுங்க அப்பாரு. மூணு வருசம் என்ன பண்ணுனீங்கன்னு எங்க போனாலும் கேக்கறாங்க. நீங்கதான் எழுதறவங்களாச்சுங்களே" என்றான்.

ஐம்பத்தைந்து வருஷங்களாக எழுதிவருகிறேன். முந்நூறு பிரதி, நானூறு பிரதி அச்சாகிற பத்திரிகைகளில். என் வீட்டில் யாரும் அதில் ஒரு பக்கம் படித்ததில்லை. நான் எதிர்பார்த்ததும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்க்கவும், காரியப் பத்திரிகைக்கு நாலு வரி எழுதவும் என்னிடம் வருவார்கள். ஒருவன் தன் பிழைப்புக்காக என்னிடம் ஒரு வரி கேட்டது இதுதான் முதல் தடவை. அந்த வரியை என்னால் எழுத முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று யோசித்துப் பார்த்ததில் என்னைப் பற்றியே சில சங்கடமான விஷயங்கள் தட்டுப்பட்டன. இந்தப் பக்கங்களை இப்படியொரு வீட்டு விஷயத்துக்குச் செலவிடலாமா என்று தயக்கம் இருந்தது. பாதிக்குமேல் இது கவிதை பற்றிய விஷயமும்தான் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மோகனூர். காவிரி அகன்று போகிற இடம். அக்கரையில் வாங்கல். இப்போது பாலம் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது பரிசல். கரும்பு, வாழை, கோரை, கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால். கூட்டுறவு சர்க்கரை ஆலை அறுபதுகளில் வந்தது. ரயில் 2013இல்தான் வந்தது. மோகனூர் என்பது மகனூர் என்பதன் திரிபு என்று பெரியவர்கள் சொல்வார்கள். பழத்துக்காக நடந்த போட்டியில் தோற்ற முருகன் கோபித்துக்கொண்டு பழனிக்குப் போகும் வழியில், பின்னாலேயே வந்த தாய் இந்த இடத்தில்தான் 'மகனே, நில்' என்று கூப்பிட்டாளாம். காந்தமலையில் அவன் நிற்கிறான். சொல்லாராய்ச்சிக்கு இது தாங்காது. இருந்தாலும் சின்ன வயதிலிருந்தே இந்தக் கதையில் எனக்கு ஓர் இடம் இடறும். உலகத்தைச் சுற்றிவர வேண்டும் என்று சொன்னார்கள். ஒருவன் நிஜமாகவே சுற்றிவிட்டு வந்தான். வந்து பார்த்தால் அதே விதிக்கு வேறு அர்த்தம் சொல்லப்பட்டு, பழம் கைமாறிவிட்டிருக்கிறது. அவன் கோபம் நியாயமா என்பதை யாரும் பேசுவதில்லை. அவனைச் சமாதானப்படுத்திய கதையைத்தான் சொல்கிறார்கள்.

இவனும் சொன்னபடி சுற்றியவன்தான். பத்தாவது வரை உள்ளூர். பதினொன்றும் பன்னிரண்டும் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி. விடிவதற்கு முன்னால் எழுப்பிப் படிக்க உட்கார வைப்பார்கள். 2018இல் பொறியியல் கலந்தாய்வு முதன்முறையாக ஆன்லைனில் நடந்தது. சென்னைக்குப் போக வேண்டியதில்லை, வீட்டில் இருந்தபடியே கல்லூரிகளையும் பிரிவுகளையும் வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். வரிசைப்படுத்தியவன் நான். 'மெக்கானிக்கல் போடு. பூமியில் சக்கரம் சுற்றுகிற வரைக்கும் அதற்கு வேலை இருக்கும்' என்று சொன்னேன். அவனுக்கு எது பிடிக்கும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனிடம் பதில் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் கேட்கவில்லை. என் தம்பி மகன் கோரை போட்டிருந்த ஓர் ஏக்கரை விற்றான்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கல்லூரியை மூடினார்கள். லேத்தும் மில்லிங் மெஷினும் எப்படி ஓடுகின்றன என்பதை இவன் திண்ணையில் உட்கார்ந்து செல்போன் திரையில் பார்த்தான். 2021 கடைசியில் மென்பொருள் கம்பெனிகள் ஆட்களை வாரிக்கொண்டிருந்தன. ஒரு கம்பெனி இவனுக்கும் கடிதம் கொடுத்தது. காந்தமலையில் அர்ச்சனை செய்தார்கள். 2022 ஜூலையில் சேர வேண்டும். ஜூலை அக்டோபர் ஆயிற்று. அக்டோபர் 'பின்னர் தெரிவிக்கப்படும்' ஆயிற்று. 2023இல் மறுபடி ஒரு பரீட்சை வைத்தார்கள். அதற்குப் பின் வருத்தம் தெரிவித்து ஒரு மின்னஞ்சல். அந்த வருஷம் இப்படிக் காத்திருந்தவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். காத்திருந்த மாதங்களில் அவன் வேறு எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. வேலை கிடைத்தவன் எப்படி விண்ணப்பிப்பான்?

பிறகு கோவையில் ஏழு மாதம் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தான். வீட்டில் 'டிரெய்னிங்' என்று சொல்லியிருந்தான். கோழித் தீவனம் அரைக்கிற மில்லில் கொஞ்ச நாள் எடைக் கணக்கு எழுதினான். இப்போது வீட்டில் இருக்கிறான்.

இதெல்லாம் எனக்குப் புதிதல்ல. 1963இல் கோவையில் என்ஜினீயரிங் சேர்ந்து 1968இல் முடித்தவன் நான். அப்போது அது ஐந்து வருஷப் படிப்பு. நான் சேர்ந்தபோது என்ஜினீயர் என்றால் தேசத்தைக் கட்டுகிறவன். இரண்டாவது, மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டங்கள் இத்தனை உருக்காலை, இத்தனை அணை என்று கணக்குப் போட்டன. அவற்றுக்கு இத்தனை என்ஜினீயர்கள் என்றும் கணக்குப் போட்டுக் கல்லூரிகளைத் திறந்தன. சேலத்தில் அரசினர் பொறியியல் கல்லூரி 1966இல் வந்தது. கணக்கு தப்பியதும் அந்தச் சமயத்தில்தான். 1962இல் ஒரு யுத்தம், 1965இல் ஒரு யுத்தம், அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழையில்லை, அந்நிய உதவி இடையில் நின்றது. 1966 ஜூன் 6ஆம் தேதி டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ஆயிற்று. நான்காவது திட்டத்தைத் தள்ளிவைத்து, மூன்று வருஷங்களை வருஷத்துக்கு ஒரு திட்டமாக ஓட்டினார்கள். அதற்குத் 'திட்ட விடுமுறை' என்று பெயர். அரசாங்க முதலீடு சுருங்கியதும் யந்திரம் செய்கிற தொழிற்சாலைகளுக்கு ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லாத இடத்தில் என்ஜினீயருக்கு என்ன வேலை? படித்து முடித்தவர்கள் மட்டும் பழைய திட்டப்படி வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் உள்ளே அனுப்பப்பட்டவர்கள் அல்லவா? 1968இல் நாடு முழுவதும் என்ஜினீயரிங் சேர்க்கையைச் சுமார் 30 சதவீதம் குறைத்தார்கள். அது எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கான ஏற்பாடு.

மூன்று வருஷம் மோகனூரில் இருந்தேன். வேலைவாய்ப்பு அலுவலகம் சேலத்தில். எப்போதாவது பஸ் ஏறிப் போய் விசாரித்துவிட்டு வருவேன். மற்ற நாட்களில் ஆற்றங்கரை. 'எழுத்து' தபாலில் வந்துகொண்டிருந்தது. 1968இல் சேலத்திலிருந்தே 'நடை' வரத் தொடங்கியது. சி. மணி என்ற பெயரை நான் தெரிந்துகொண்டது அப்போதுதான். 1970இல் சென்னையிலிருந்து 'கசடதபற'. காம்யுவின் நாவல் ஒன்று ஆங்கிலத்தில், முன் அட்டை இல்லாமல், கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. நானும் கவிதை எழுதினேன். பதினோரு கவிதைகள் அச்சாயின. நண்பர்கள் சிலர் பாராட்டி அஞ்சலட்டை எழுதினார்கள்.

பேரன் தாளை வைத்துவிட்டுப் போன இரவு அந்தப் பதினொன்றையும் எடுத்துப் படித்தேன். மணல் இருக்கிறது. நிழல் இருக்கிறது. பூட்டிய கதவு, யாருமில்லாத படித்துறை, முகமற்ற கூட்டம் எல்லாம் இருக்கின்றன. சேலம் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வாசல் ஒரு வரியிலும் இல்லை. அப்பா சாப்பிடும்போது என் பக்கம் திரும்பாமலே எழுந்து போனது இல்லை. 'அவனுக்கு ஆர்டர் வந்துருச்சுங்க, தேதிதான் போடோணும்' என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்ன பொய் இல்லை. இத்தனைக்கும் அந்தப் பொய்யைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து என் காதால் கேட்டவன் நான். கேட்டுவிட்டு உள்ளே போய், மனிதன் உலகத்தில் எறியப்பட்டிருப்பது பற்றிப் பன்னிரண்டு வரி எழுதினேன். எறியப்பட்டது உண்மை. எறிந்தது எது என்று எனக்குத் தெரியும். நான் படித்த தினசரியிலேயே அது வந்துகொண்டிருந்தது. அதை எழுதினால் கவிதையாகாது என்று நினைத்தேன்.

1971இல் மின்வாரியத்தில் வேலை கிடைத்தது. கிணறுகளுக்கெல்லாம் மோட்டார் வைத்து மின் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். அதற்கு ஆள் வேண்டியிருந்தது. ஆறு மாதத்தில் என் வெறுமை போய்விட்டது. கவிதையும் போய்விட்டது. கவிதை வற்றியதற்கு வேறு பெரிய காரணங்கள் சொல்லி இதே போன்ற பத்திரிகை ஒன்றில் ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன்.

இதிலிருந்து நம் நவீன கவிதை முழுவதும் வேலையில்லாதவனின் புலம்பல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் சொல்வது சுலபம், சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அன்று நன்றாக எழுதியவர்களில் பெரும்பாலோர் உத்தியோகத்தில் இருந்தவர்கள். அவர்களுடைய தனிமை மாதச் சம்பளத்தால் தீராத தனிமை. அதனால்தான் அந்தக் கவிதைகள் இன்றும் நிற்கின்றன. நான் செய்தது, தீரக்கூடிய என் கஷ்டத்தை அவர்களுடைய தீராத கஷ்டத்தின் கணக்கில் எழுதிக்கொண்டது. என்னைப் போல இன்னும் சிலரும் செய்திருக்கலாம், அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்.

என்றாலும் அந்தச் சொற்களை நான் முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். 'அந்நியன்' என்ற சொல் கையில் இருந்தவனுக்குத் 'தண்டச்சோறு' என்ற சொல் கொஞ்சம் குறைவாகவே வலித்தது. ஏமாற்றுதான், ஆனால் ஏமாற்றில் ஒரு கௌரவம் இருந்தது. என் பேரனிடம் அப்படி ஒரு சொல்லும் இல்லை. அவனிடம் இருப்பது 'கேப்'. சுவரில் விழுந்த ஓட்டையைச் சொல்வது போல அதைச் சொல்கிறான்.

இடையில் நடந்தவை எல்லோருக்கும் தெரியும். 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. தொண்ணூறுகளில் மென்பொருள் தொழில் வந்தது. ஒரு கட்டத்தில் தமிழ்நாட்டில் கல்லூரிகளின் எண்ணிக்கை 500ஐத் தாண்டிற்று. நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும்போது கோழிப்பண்ணையும் கல்லூரியும் மாறி மாறி வரும். இதைக் கேலி செய்வது நம் எழுத்தாளர்களிடையே ஒரு பழக்கம். எனக்கு அதில் சேர விருப்பமில்லை. நான் படித்தபோது என் வகுப்பில் ஒரு பெண்கூடக் கிடையாது. எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், வெகுகாலம் கடைசி ஆளும் நான்தான். கரும்பு வெட்டியவர்கள் வீட்டுப் பெண்கள் சென்னையிலும் பெங்களூரிலும் சம்பளம் வாங்கியது இந்தக் கல்லூரிகள் வழியாகத்தான். அதை நான் பார்த்திருக்கிறேன்.

அது எப்படி நடந்தது என்பதை மட்டும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மென்பொருள் கம்பெனிகள் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்று பேதம் பார்க்காமல் எடுத்தன. கல்லூரியில் கற்றது அவர்களுக்குத் தேவைப்படவில்லை. வேண்டியதை அவர்களே சில மாதத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு சல்லடை. பன்னிரண்டாவதில் இத்தனை மார்க், நாலு வருஷம் தவறாமல் வகுப்பில் உட்கார்ந்த பொறுமை, கொஞ்சம் ஆங்கிலம். கல்லூரி அந்தச் சல்லடையாக இருந்தது. சல்லடைக்குக் காசு கொடுத்தவர்கள் சலிக்கப்பட்டவர்களின் பெற்றோர். பதினைந்து வருஷத்துக்கு முன் புதிதாகச் சேருகிறவனுக்கு வருஷத்துக்கு மூன்று, மூன்றரை லட்சம் கொடுத்தார்கள். விலைவாசி எங்கேயோ போய்விட்டது, இன்றைக்கும் ஏறக்குறைய அதேதான். பண்டம் தேவைக்குமேல் சந்தைக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு வேறு புள்ளிவிவரம் வேண்டியதில்லை.

2008 செப்டம்பரில் லேமன் வங்கி விழுந்தபோதும் சேரும் தேதிகள் தள்ளிப்போயின, பிறகு மீண்டன. இந்தத் தடவை மீளுமா என்பது வேறு விஷயம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. (என் பேரனுக்குக் கடிதம் கொடுத்தது வேறொரு கம்பெனி.) புதியவர்களுக்கு முதலில் கொடுக்கிற எளிய வேலைகள் இருக்கின்றனவே, நிரலில் பிழை பார்ப்பது, சோதிப்பது, அவற்றை இப்போது யந்திரமே செய்கிறது. ஏணியின் கீழ்ப்படிகளை எடுத்துவிட்டு மேலே ஏறிவா என்கிறார்கள்.

1968க்கும் இன்றைக்கும் எனக்குத் தெரிகிற வித்தியாசம் ஒன்று உண்டு. அன்று 'கணக்கு தப்பிவிட்டது' என்றார்கள். கணக்குப் போட்டவர்கள் தாங்கள்தான் என்பதை அரசாங்கம் மறைக்கவில்லை, இடங்களைக் குறைத்தது. எனக்கு வேலை கிடைக்காவிட்டாலும், கிடைக்காததற்குக் காரணம் நான் என்று யாரும் அச்சில் சொல்லவில்லை. இன்று அப்படி அல்ல. 'வேலைக்குத் தகுதியில்லாதவர்கள்', 'திறன் இடைவெளி' என்று வருஷா வருஷம் அறிக்கை வருகிறது. பழி இடம் மாறிவிட்டது. பையன் அதை நம்புகிறான். இரவு ஒரு மணிக்கு அவன் அறையில் விளக்கு எரியும். ஏதோ ஒரு புதிய மென்பொருளைக் கற்றுக்கொண்டிருப்பான். கற்று முடிப்பதற்குள் அது பழையதாகிவிடும். தன்னிடம் ஏதோ குறை என்று நிச்சயமாக நம்புகிறவனால் கோபப்பட முடியாது. காந்தமலையில் நிற்கிறவனுக்குக் கோபமாவது இருந்தது.

'எந்த வேலையும் கேவலமில்லை, படித்தவனுக்குக் கையை அழுக்காக்கிக்கொள்ள வெட்கம்' என்று சொல்லாத பெரியவர் இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன். 2024இல் அவனை நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனேன். லாரிக்குப் பாடி கட்டுவது அங்கே பேர்போன தொழில். கம்பெனியிலிருந்து சேஸாக வந்து நிற்கிற வண்டியை ஆசாரியும் வெல்டரும் டிங்கரும் பெயிண்டரும் சேர்ந்து லாரியாக்குவார்கள். எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர், எட்டாவதைத் தாண்டாதவர். என்ன சுமை ஏற்றப்போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, குறுக்குச் சட்டம் எங்கெங்கே வரவேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போவார். பையன் நின்று பார்த்தான். பிறகு ஒரு பழைய அட்டையைக் கிழித்து, அதில் கணக்குப் போட்டான். கிட்டத்தட்ட அதே இடங்கள் வந்தன. அவன் முகத்தில் நெடுநாளாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம். தான் படித்தது நிஜமாகவே ஒரு பொருளைப் பற்றிய படிப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான் போலிருக்கிறது. "நான் இங்கயே வர்றனுங்க" என்று அவனாகவே சொன்னான்.

பட்டறைக்காரர் என்னைத் தனியாக அழைத்துப்போனார். "தப்பா நெனைக்காதீங்க சார். படிச்ச புள்ளை. ரெண்டு மாசம் வருவான், ஒரு லெட்டர் வந்தா போயிருவான். போகோணும், அதுதான் மொறை. நான் சொல்லிக் குடுத்தது வீணாப் போயிரும். அதுவுமில்லாம, பீஸ் கட்டிப் படிக்க வெச்ச பையன வெல்டிங் புடிக்க விட்டிருக்கான்னு ஊரு என்னையத்தான் பேசும். எம் பையனையே நான் இதுக்குள்ள விடலீங்க. அவனும் இன்ஜினீயரிங்தான் படிக்கறான்."

வீட்டில் என் தம்பி மகன், "இதுக்கா பெரீப்பா ஏக்கராவ வித்தேன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். மெக்கானிக்கல் என்று சொன்னவன் நான்; பட்டறைக்குக் கூட்டிப்போனவனும் நான். இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கேள்வி. பெண் தேடப்போகிற கவலை வேறு. இந்தப் பக்கத்தில் இப்போது பெண் வீட்டார் முதலில் கேட்பது பையனுக்கு எந்த ஊரில் வேலை என்பதைத்தான். ஆக, வெட்கப்பட்டவன் பையன் இல்லை. அந்தப் பட்டத்துக்கு ஊரில் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் விலை கொடுத்திருக்கிறார்கள், நிலமாக, நகையாக, வட்டியாக. கொடுத்த விலைக்குக் குறைவாக அது போவதைப் பார்க்க யாருக்கும் திராணி இல்லை. கையை அழுக்காக்கிக்கொள்ளத் தயாராக இருந்த ஒருவனைப் பெரியவர்களாகச் சேர்ந்து தடுத்துவிட்டு, படித்தவனுக்கு வெட்கம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

2019இல் கோவை மாநகராட்சியில் 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு சுமார் 7,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் என்ஜினீயர்களும் இருந்தார்கள். அப்போது தினசரியில் படித்துவிட்டு நாடு எங்கே போகிறது என்று நான்கூட அங்கலாய்த்தேன். இன்று யோசித்தால் அந்தப் பையன்களுக்கு என்னைவிடத் தெளிவு அதிகம் என்று படுகிறது. மாநகராட்சி வேலை என்றால் அது உத்தியோகம். துடைப்பம் பிடித்தாலும் அதற்கு ஒரு உத்தரவு இருக்கிறது, சம்பளத் தேதி இருக்கிறது, வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் இருக்கிறது. வேலை வேறு, உத்தியோகம் வேறு என்று நம் தமிழில் எப்போதோ பிரித்து வைத்துவிட்டார்கள். மோகனூரில் வேலைக்குப் பஞ்சமில்லை. கரும்பு வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்று தோட்டக்காரர்கள் அலைகிறார்கள்.

பேரனும் இப்போது உத்தியோகத்துக்குத்தான் படிக்கிறான். 2024 ஜூன் 9ஆம் தேதி குரூப் 4 எழுதினான். அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். தகுதி, பத்தாவது. அந்தப் பரீட்சைக்காக அவன் நாமக்கல் கவிஞரை மனப்பாடம் செய்தான். ராமலிங்கம் பிள்ளை, பிறப்பு 1888, ஊர் மோகனூர். எங்கள் ஊர்க்காரர்தான். தகப்பனார் போலீஸ் உத்தியோகத்தில் இருந்தவர். பிள்ளை படித்துவிட்டு நாமக்கல் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தார், பிறகு ஆரம்பப் பள்ளி வாத்தியார். இரண்டிலும் நிலைக்காமல் படம் வரைந்து பிழைத்தார், அப்புறம் கவிஞரானார். குமாஸ்தா நாற்காலியில் உட்கார மனமில்லாமல் போன அந்த மனுஷர் பெயரைத்தான் சென்னைக் கோட்டையில் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு வைத்திருக்கிறார்கள். நாமக்கல் கவிஞர் மாளிகை. அதில் ஒரு நாற்காலி கிடைக்காதா என்றுதான் மோகனூர்ப் பையன் இரவெல்லாம் கண்விழிக்கிறான். "அவரு பெயிண்டிங்ல எப்பிடிங்க அப்பாரு பொழைச்சாரு?" என்று ஒருநாள் கேட்டான். பரீட்சைக்கு வேண்டாத கேள்வி. அதனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதில் சொல்லத் தெரியவில்லை.

தாளுக்கு வருகிறேன். இரண்டு நாள் முயன்றேன். முதலில் பொருளாதாரத்தை ஒரு வரியில் சொல்லிப் பார்த்தேன். அது தலையங்கமாக இருந்தது. பிறகு நடந்ததை நடந்தபடி எழுதினேன். பத்து மாதம் ஒரு கடிதத்துக்குக் காத்திருந்தது. ஏழு மாதம் கோவையில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது. மழையில் ஒருநாள் விழுந்து கைமுட்டியில் தையல் போட்டது. தீவன மில்லில் எடை போடும் யந்திரம் தப்பாகக் காட்டுவதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தது. ஆத்தாவை வாரம் மூன்று நாள் டயாலிஸிஸுக்கு நாமக்கல் கூட்டிப்போய் வந்தது, அவள் போகும்வரை, பதினான்கு மாதம். பட்டறையில் குறுக்குச் சட்டங்களுக்குக் கணக்குப் போட்டது. எழுதி முடித்துப் பார்த்தபோது, சும்மா இருந்த மாதம் என்று ஒன்றுகூட இல்லை.

அவன் நிதானமாகப் படித்தான். ஆத்தா வரி வந்த இடத்தில் கொஞ்சம் நின்றான். "நல்லாத்தானுங்க இருக்குது. இதைப் போட்டாக் கூப்பிட மாட்டாங்க அப்பாரு" என்றான். எனக்கும் அது தெரியும்.

பிறகு செல்போனை எடுத்து அதனிடமே கேட்டான். கேட்ட மாத்திரத்தில் ஒரு வரி வந்தது, ஆங்கிலத்தில். சுயவளர்ச்சிக்காகவும் திறன் மேம்பாட்டுக்காகவும் எடுத்துக்கொண்ட திட்டமிட்ட இடைவேளை என்று அர்த்தம் வரும். "திட்டமிட்டதுன்னு வர்றது நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டான். எனக்குத் திட்ட விடுமுறை ஞாபகத்துக்கு வந்தது. அவனிடம் சொல்லவில்லை. "இருக்குது சாமி, போடு" என்றேன். தாளை எடுத்துக்கொண்டு போனான்.

நான் எழுதியது என் மேசைமேல் இருக்கிறது. கிழித்துப் போட மனம் வரவில்லை. அதன் பின்பக்கத்தில், 1968இலிருந்து 1971 வரை நான் என்ன செய்தேன் என்று அதேபோல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் வரிதான் எழுதியிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா சொன்ன பொய்யைக் கேட்டுக்கொண்டு இந்தப் பக்கம் இருந்தேன்.